பதவிப் பெயர் போனதும் நானே போய்விட்டதுபோல் இருக்கிறது

திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

வயது 37. நிலாவெளிப் பக்கம் ஒரு கடற்கரை ஹோட்டலில் 11 வருட வேலை. அப்பா இறந்த வருடம் ரிசெப்ஷனில் சாதாரண ஊழியராகச் சேர்ந்தார். “ஹோட்டல் வேலைக்குப் பொம்பிளப் பிள்ளைய அனுப்புறதா” என்று சொந்தக்காரர்கள் கேட்ட கேள்விக்கு நடுவில்தான் அந்த வேலைக்குப் போனார். படிப்படியாக உயர்ந்து ஐந்து வருடமாக ஃப்ரொன்ட் ஒபிஸ் மனேஜர். கணவர் ஆறு வருடமாகக் கட்டாரில். மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. அம்மாவும் கூடவே இருக்கிறார்.

கடந்த ஜூன் மாதம், சீசன் சூடுபிடித்த நேரத்தில் நிர்வாகம் மாறியது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இவருடைய நாற்காலியில் அமர்ந்தார். இவருக்கு விருந்தினர் உறவு அலுவலர் என்று ஒரு புதுப் பெயர் கொடுத்தார்கள். சம்பளம் குறையவில்லை. ஆனால் மனேஜர்மாரின் வட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரே இரவில் நீக்கிவிட்டார்கள். “அந்தக் குழுவில இருந்து எடுத்த நேரம், வீட்டை விட்டே வெளியில தள்ளின மாதிரி இருந்தது” என்று எழுதுகிறார். அதன் பிறகு நித்திரை இல்லை. இணையத்தில் ஒரு விருந்தினர் எழுதிய மோசமான விமர்சனத்தை இரவிரவாகத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார். அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த நித்திரைக் குளிசையில் பாதியை எடுக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. இராஜினாமாக் கடிதத்தை எழுதித் தொலைபேசியில் வைத்திருக்கிறார். மகள் கேட்டாளாம்: “அம்மா, நீங்க ஏன் வீட்டிலயும் ரிசெப்ஷன் குரலில கதைக்கிறீங்க?” கடிதத்தின் கடைசி வரி: “இந்த வேலையைக் கழிச்சால் என்னில என்ன மிச்சம் இருக்கு?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்விக்கு அவசரமாக ஆறுதல் சொல்ல மாட்டேன். அது நிஜமான கேள்வி, கொஞ்சம் பொறுமையாகப் பதில் தேட வேண்டியது. ஆனால் கடிதம் முழுவதையும் வாசித்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. உங்களுடைய வேலை ஒரு வேலை மட்டுமாக இருந்ததே இல்லை. அப்பாவின் இடத்தில் நின்று வீட்டைத் தாங்கியது அந்த வேலைதான். சொந்தக்காரருக்கு நீங்கள் 11 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பதிலும் அதுதான். கணவர் பக்கத்தில் இல்லாத பொழுதுகளை நிரப்பியதும் அதுவே. இவ்வளவு பாரத்தை எந்தப் பதவியும் தாங்காது. அதனால்தான் கதவில் ஒட்டியிருந்த பெயர் மாறியதும், அந்தப் பாரமெல்லாம் சேர்ந்து உங்கள் மேல் விழுந்தது. நீங்கள் பலவீனமானவர் என்பதற்கு இது அடையாளமே இல்லை.

இதிலே இரண்டு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, உங்களுக்கு நடந்த அநியாயம். முன்கூட்டிச் சொல்லாமல், காரணம் விளக்காமல் பொறுப்பைப் பறித்தால் யாருக்கும் கோபமும் அவமானமும் வரும், வரவேண்டும். மற்றது, அந்த அநியாயம் உங்கள் ஆணிவேர் வரை போனது. முதலாவதற்கு நிர்வாகத்தோடும் தேவையானால் சட்டத்தோடும் பேச வேண்டும். இரண்டாவதை உங்களோடும் உங்கள் வீட்டோடும் பேசித்தான் தீர்க்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைத் தீர்க்க முடியாது. நாளைக்கே பழைய பதவி திரும்பக் கிடைத்தாலும் இந்த இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கும். அடுத்த நிர்வாக மாற்றத்தில் மறுபடி எழும்பும்.

கடிதத்தில் நான் உடன்படாத மூன்று இடங்கள்

“வேலையில பற்று வைச்சதுதான் பிழை” என்கிறீர்கள். பிழையில்லை. இரவு 2 மணிக்குக் கட்டுநாயக்கவிலிருந்து களைத்து வந்து இறங்கும் குடும்பத்தை, அறை தயாராகாத நிலையிலும் சமாதானப்படுத்தி உட்காரவைக்கிற திறமை இலேசில் வருவதில்லை. அதில் பெருமைப்படுங்கள். ஒரு செயலில் தீவிர ஆர்வம் உள்ளவர்களை ஆராய்ந்த கனடிய உளவியலாளர் ரொபேர்ட் வலெரான் 2003இல் ஒரு வேறுபாட்டைக் காட்டினார். சிலரிடம் ஆர்வம் வாழ்க்கையின் மற்றப் பகுதிகளோடு ஒத்துப்போகிறது. தேவையானபோது அவர்களால் அதைக் கீழே வைக்க முடிகிறது. வேறு சிலரிடம், வைக்க நினைத்தாலும் அது கையை விட்டு இறங்குவதில்லை. தன்மதிப்பே அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வேலை செய்யும் அளவு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஆகவே பற்றைக் குறைக்கும்படி நான் சொல்லப் போவதில்லை. கீழே வைக்கப் பழகுவதுதான் உங்களுக்கு வேண்டியது.

“வேலையை விட்டால் நான் என்னைத் திரும்பக் கண்டுபிடிப்பன்” என்பது இரண்டாவது. பெரும்பாலும் இது எதிர்மாறாக நடக்கும். 1930களின் தொடக்கத்தில் ஒஸ்திரியாவில் மரியெந்தால் என்ற ஊரில் துணி ஆலை மூடப்பட்ட பிறகு அங்கே ஆய்வு செய்தவர்களில் ஒருவர் மரீ யஹோடா. வேலை போனவர்களுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தும், அவர்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடக் குறைந்தது. சம்பளத்தைத் தவிர வேலை ஐந்து பொருட்களைச் சத்தமில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அவர் பின்னாளில் விளக்கினார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே ஆட்கள், தன்னைவிடப் பெரிய ஒரு காரியத்தில் பங்கு, ஊரில் ஓர் இடம், கை ஓயாத செயல். உங்களுக்கு இந்த ஐந்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. மாற்று எதுவும் இல்லாமல் அந்த ஒரே இடத்தையும் மூடிவிட்டு வீட்டில் இருந்தால் நீங்கள் கேட்கும் கேள்வி இன்னும் கூர்மையாகும். முதலில் இந்த ஐந்தில் ஒன்றிரண்டையாவது வேறிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊன்ற வேண்டும். போவதா இருப்பதா என்பதை அதன் பிறகு தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, “எனக்கெண்டு ஒரு பொழுதுபோக்குக்கூட இல்லை, அதுதான் காரணம்” என்பது. கேக் அலங்காரம் பழக இணைய வகுப்பொன்றுக்குப் பணம் கட்டி இரண்டு நாளில் விட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். அதில் ஆச்சரியமில்லை. தனியாக அறைக்குள் இருந்து செய்யும் பொழுதுபோக்கு களைப்பை ஆற்றலாம். அடையாளத்தைத் தருவது குறைவு. நாம் யாரென்பதை, நம்மை எதிர்பார்த்து இருப்பவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் தெரிந்துகொள்கிறோம். நீங்கள் வராவிட்டால் ‘ஏன் இன்றைக்கு வரவில்லை’ என்று கேட்க ஒருவராவது இருக்கும் இடம் தேவை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இருபது வரிகள்

1954இல் கூன், மக்பாட்லண்ட் என்ற இரு அமெரிக்க சமூகவியலாளர்கள் எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ‘நான் யார்?’ என்ற ஒரே கேள்விக்கு இருபது பதில்களை எழுத வேண்டும். ஒரு கொப்பியும் 12 நிமிடமும் போதும். யோசித்து அழகுபடுத்த வேண்டாம்; வருகிற வரிசையிலேயே எழுதுங்கள்.

உங்கள் நிலைமைக்கு இதை இரண்டு தடவை செய்யச் சொல்வேன். ஒரு தடவை வேலை நாளில், சீருடைச் சேலையோடு இருக்கும்போதே. மற்றத் தடவை ஓய்வு நாள் காலையில். பிறகு இரண்டு பட்டியலிலும், நாளைக்கு ஹோட்டல் இல்லாமல் போனால் கூடவே போய்விடும் வரிகளின் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். ‘மனேஜராக இருந்தவள்’ என்பதற்குப் புள்ளி. ‘கோபக்கார விருந்தினரைத் தணிக்கத் தெரிந்தவள்’ என்பதற்குப் புள்ளி வேண்டாம். அந்தத் திறமை உங்களோடுதான் வரும். இந்த இரண்டும் வேறு என்பது தலையால் யோசிக்கும்போது தெரியாது, பேனையால் பிரிக்கும்போதுதான் தெரியும். பதவி அவர்கள் கொடுத்தது, அவர்களே எடுக்கலாம். தொழில் நீங்கள் 11 வருடத்தில் கற்றது.

இதிலே வழக்கமாகச் சிக்குப்படுவது எட்டாவது, ஒன்பதாவது வரிக்குப் பிறகு. மகள், மனைவி, தாய், மனேஜர் எல்லாம் முடிந்ததும் பேனை நின்றுவிடும். அங்கேயே எழும்பிவிடாதீர்கள். பிறகு வரும் பதில்கள்தான் பயனுள்ளவை, அவை பெரும்பாலும் பழையவையாக இருக்கும். உங்கள் கடிதத்திலேயே ஒரு ஓரத்தில், பாடசாலை வலைப்பந்து அணியில் விளையாடினேன் என்று அரை வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகிறீர்கள். இன்னொரு இடத்தில், நவராத்திரிக்கு ஒழுங்கையில் கும்பம் வைக்கும்போது ஒன்பது நாளும் நின்று வேலை செய்த காலத்தைச் சொல்கிறீர்கள். அந்த இரு இடங்களிலும் உங்கள் கையெழுத்தே மாறியிருக்கிறது.

ஹோட்டல்காரர் உங்கள் பெயரை நேம் பட்ஜில் மூன்று எழுத்தாகச் சுருக்கினார்கள், வெள்ளைக்காரருக்கு வாயில் வராது என்று. இப்போது அம்மாவே அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார் என்று எழுதுகிறீர்கள். வீட்டில் முழுப் பெயரால் கூப்பிடும்படி அம்மாவிடம் கேளுங்கள். சின்ன விடயம்தான். ஆனால் அதைக் கேட்கும்போது தொண்டை அடைத்தால் ஏனென்று கவனியுங்கள்.

வேலையை வாசலில் இறக்குவது

வேலையிலிருந்து மீள்வதைப் பற்றி ஆராய்ந்த ஜேர்மன் உளவியலாளர் சபீன் சொன்னென்டாக்கின் ஆய்வுகளில் முதலிடம் பெறுவது, ஓய்வு நேரத்தில் மனம் வேலையிலிருந்து விலகி நிற்பது. உடம்பு வீட்டில் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் மாலை 6 மணிக்கு வேலை முடித்து, இரவு 11 மணிவரை தொலைபேசியில் ரிசெப்ஷன் நடத்துகிறீர்கள். இப்போது பதவியே இல்லாதபோதும் பழைய பழக்கத்தில் பொடியன்கள் உங்களைத்தான் அழைக்கிறார்கள், நீங்களும் எடுக்கிறீர்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அழைப்பு வந்தால் ‘நான் இன்னும் தேவை’ என்று ஒரு நிமிடம் தோன்றுகிறது. அந்த ஒரு நிமிடத்துக்கு விலையாக உங்கள் இரவு போகிறது.

செய்ய வேண்டியவை இவை. வேலை முடிய 15 நிமிடத்துக்கு முன், கையளிப்புக் குறிப்பில் மீதி வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: என்ன, யார், எப்போது. ‘12ஆம் அறை ஏசி – மெயின்டனன்ஸ் – நாளை காலை 9’. இவ்வளவுதான். முடியாத வேலை மனதைத் தொந்தரவு செய்வது உண்மை. ஆனால் அதற்குத் தெளிவான திட்டம் எழுதப்பட்டால், வேலை முடியாமலே அந்தத் தொந்தரவு குறைகிறது என்று 2011இல் மசிக்கம்போவும் பௌமைஸ்டரும் செய்த பரிசோதனைகள் காட்டின. ‘ஏசியைப் பார்க்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் பலன் இல்லை. ஆளும் நேரமும் கட்டாயம்.

சீருடையை ஹோட்டலிலேயே மாற்றிவிட்டு வெளிக்கிடுங்கள். கண்டியச் சேலையும் பட்ஜுமாக வீட்டுக்குள் நுழைந்தால் அந்தக் குரலும் கூடவே நுழைகிறது. நிலாவெளியிலிருந்து நகரத்துக்கு ஸ்கூட்டியில் அரை மணிநேரம் வரும். அந்த அரை மணியில் சாம்பல்தீவுப் பாலம் வரைக்கும் வேலையை எவ்வளவு வேண்டுமானாலும் நினையுங்கள், கோபப்படுங்கள், மனதுக்குள் அந்தக் கொழும்பு மனேஜரோடு சண்டை பிடியுங்கள். பாலம் தாண்டினால் இரவுச் சாப்பாட்டைப் பற்றி யோசியுங்கள். முதல் பத்து நாள் இது நடக்காது. பாலத்தைத் தாண்டியது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வரும். பரவாயில்லை, தொடருங்கள்.

தொலைபேசியில் இரண்டாவது சிம்மை வேலைக்கென்று ஒதுக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதை நிறுத்திவையுங்கள். அதற்கு முன் ஒரு பக்கத்தில் எழுதி டியூட்டி மேசையில் ஒட்ட வேண்டும்: எதற்கெல்லாம் உடனே அழைக்கலாம். தீ, காயம் அல்லது மயக்கம், கடலில் ஆபத்து, பொலிஸ் வரவேண்டிய விடயம். இவற்றுக்கும் முதல் அழைப்பு உங்களுக்கல்ல. அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119, பிறகு அன்றைய டியூட்டி மனேஜர். சாவி தொலைந்தது, புக்கிங் இரட்டித்தது, விருந்தினர் முறைப்பாடு எல்லாம் டியூட்டியில் இருப்பவருடைய பொறுப்பு. இந்தத் தாளைப் புது மனேஜரிடம் காட்டி ஒப்புதல் வாங்கி ஒட்டுங்கள். ஒப்புதல் இல்லாமல் நீங்களாகத் தொலைபேசியை நிறுத்தினால், ‘கோபித்துக்கொண்டு ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று அது மாறும்.

இதிலே எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் அவர்கள் அழைக்க மாட்டார்கள். நீங்கள்தான் அழைப்பீர்கள், ‘எல்லாம் சரியா’ என்று கேட்க. நீங்கள் இல்லாமலும் எல்லாம் சரியாக இருப்பது தெரிந்ததும் ஒரு வெறுமை வரும். அந்த வெறுமையைத்தான் இத்தனை நாளாக அழைப்புகளால் மூடி வைத்திருந்தீர்கள். அது வரும் இரவில் தனியாக இருக்காதீர்கள், அம்மாவோடு முற்றத்தில் உட்காருங்கள்.

அந்தக் குரல்

உங்கள் மகள் கூர்மையானவள். முகத்தையும் குரலையும் வேலையின் ஒரு பகுதியாகக் கொடுக்க வேண்டிய தொழில்களை, உணர்ச்சி உழைப்பு என்று சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1983இல் விவரித்தார். அவர் முக்கியமாகப் பார்த்தது விமானப் பணிப்பெண்களை. எட்டு மணிநேரம் எரிச்சலை அடக்கி இனிமையாகப் பேசியவருக்கு, உண்மையான உணர்ச்சி எதுவென்று தனக்கே பிடிபடாமல் போவதுண்டு. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொல்லுங்கள்: “அம்மாவுக்கு இருபது நிமிசம் பேசாமல் இருக்க வேணும். பிறகு உன்னோட இருப்பன்.” முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, யாருக்கும் புன்னகைக்காமல் இருங்கள். இருபது நிமிடம் முடிந்ததும் சொன்னபடி அவளோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் அவள் அதை அனுமதிக்க மாட்டாள்.

“நீங்க இப்ப மனேஜர் இல்லையா?” என்று அவள் கேட்டதற்கு நீங்கள் பேச்சை மாற்றியதாக எழுதுகிறீர்கள். பிள்ளைகள் மாற்றப்பட்ட பேச்சையே நினைவில் வைத்திருப்பார்கள். “இல்லை, இப்ப வேற வேலை தந்திருக்கினம். எனக்குக் கவலையா இருக்கு. ஆனால் உனக்குச் சோறு தாறதும், கணக்குச் சொல்லித் தாறதும் மாறாது” என்று நேரே சொல்லலாம். புலமைப்பரிசில் ஆண்டு நெருங்குகிறது. பதவி போனால் ஆளே இல்லை என்று தாயின் முகத்தில் படித்த பிள்ளை, புள்ளி குறைந்தால் தானும் இல்லை என்று எண்ணக்கூடும். இந்தக் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்.

கணவர் அழைக்கும்போது முழுவதும் ஹோட்டல் கதையே ஓடுகிறது என்கிறீர்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது: பிரிவைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை அழைப்பில் முதல் கால் மணிநேரம் இரு பக்க வேலையையும் பேசுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துபாருங்கள். இரண்டு, மூன்று வாரம் மௌனம் கனக்கும். அவருக்கும் அங்கே ஒரு கம்பனி அடையாள அட்டையும் ஒரு படுக்கையும் தவிர என்ன இருக்கிறது என்று அப்போது கேட்க வாய்ப்பு வரும்.

எதிர்பார்க்கப்படும் இன்னோர் இடம்

ஒக்டோபரில் சீசன் இறங்கிவிடும். நவம்பரிலிருந்து மழை, கடல் கொந்தளிப்பு, வெறிச்சோடிய அறைகள். உங்களைப் போன்றவர்களுக்கு வருடத்தின் கஷ்டமான காலம் இது. சேர்விஸ் சார்ஜும் குறைகிறது, வேலையும் குறைகிறது, ‘தேவை’ என்ற உணர்வும் குறைகிறது. ஆனால் புதிதாக ஒன்றைத் தொடங்க ஏற்ற காலமும் இதுதான். சீசனுக்குள் தொடங்கினால் மூன்றாவது வாரமே டபுள் டியூட்டியில் அறுந்துபோகும்.

உங்கள் பழைய பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்க ஆள் தேவையா என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம், ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். வேலை சிம் வீட்டில் இருக்கட்டும். ஹோட்டல் ஆட்கள் யாரும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் பேச்சு ஹோட்டலுக்கே திரும்பும். நான்கு மாதம், அதாவது ஒக்டோபரிலிருந்து ஜனவரி முடியும்வரை, இதைத் தவிர வேறெதையும் தொடங்காதீர்கள். நவராத்திரிக் கும்பத்துக்கு இந்த வருடம் ஓய்வு நாள்களில் இரண்டு இரவாவது போய் நில்லுங்கள். பூ கட்டுங்கள், பிரசாதம் கொடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. உங்களைப் போல் ஆங்கிலமும் நிர்வாகமும் தெரிந்த ஒருவர் பழைய மாணவிகள் சங்கத்துக்குள் கால் வைத்தால், இரண்டாவது கூட்டத்திலேயே செயலாளர் பதவியைத் தூக்கித் தருவார்கள். ஒரு வருடத்துக்கு வாங்காதீர்கள். வாங்கினால் அங்கேயும் ஒரு மனேஜர் பிறந்துவிடுவார். மற்றொரு வட்ஸ்அப் குழு, மற்றொரு நீக்கப்படும் பயம். பந்தைப் பிடிக்கத் தெரியாத ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பந்து எறிந்து கொடுப்பவராக மட்டும் இருங்கள்.

பட்ரிசியா லின்வில் 1987இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைப் பல தனித்தனி முகங்களாகக் கண்டவர்கள் நெருக்கடிக் காலத்தில் மனச்சோர்வுக்கும் உடல்நலக் குறைவுக்கும் குறைவாகவே ஆளானார்கள். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மருந்தல்ல. ஐந்து இடத்தில் ஓடியாடிக் களைப்பதில் பயனில்லை. ஒன்று போதும், ஆனால் அது வேலையோடு ஒட்டாததாக இருக்க வேண்டும்.

அந்த விமர்சனம் பற்றி ஒரு வார்த்தை. அதை வீட்டில் வாசிக்க வேண்டாம். டியூட்டி நேரத்தில், பேனையோடு, ஒரே தடவை வாசியுங்கள். தாளில் மூன்று நிரல்: நடந்தது என்ன, யாருடைய பொறுப்பு, இனி என்ன செய்வது. ‘சுடுதண்ணி வரவில்லை’ முதல் நிரலில் வரும். ‘வரவேற்பே இல்லை’ என்பது நடந்தது அல்ல, அவருடைய அபிப்பிராயம். அதற்கு இந்தத் தாளில் இடமில்லை. நிரப்பியதும் மூடிவிடுங்கள்.

இராஜினாமாக் கடிதம்

அதை அழிக்கச் சொல்லவில்லை, அனுப்ப வேண்டாம் என்கிறேன், குறைந்தது பெப்ரவரி வரை. நித்திரை இல்லாத மனம் எடுக்கும் தீர்மானத்தில் அவமானத்தின் பங்கு அதிகம்.

அதற்கிடையில் உங்கள் நியமனக் கடிதத்தையும் பதவி உயர்வுக் கடிதத்தையும் தேடி எடுங்கள். பதவி மாற்றத்தைக் கடிதமாகத் தரும்படி பணிவாக எழுதிக் கேளுங்கள், வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். புதிய பொறுப்பின் விபரத்தையும் அதில் கேளுங்கள். பொறுப்பைக் குறைத்தது உங்கள் ஒப்பந்தத்துக்கு முரணா என்பதை, எதிலும் கையொப்பமிடுவதற்கு முன் திருகோணமலைத் தொழில் அலுவலகத்தில் அல்லது ஒரு சட்டத்தரணியிடம் கடிதங்களைக் காட்டிக் கேளுங்கள். நீங்களாக இராஜினாமாச் செய்த பிறகு ‘என்னைத் தள்ளினார்கள்’ என்று நிறுவுவது கடினமாகிவிடும்.

“விட்டால் வெறுங்கையோட போகவேணும்” என்று எழுதியிருப்பது சரியில்லை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, தானாக விலகினாலும், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம் சேரும். 11 வருடத்துக்கு ஐந்தரை மாதச் சம்பளம். விலகி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதைக் கணக்கிடும்போது சேர்விஸ் சார்ஜை சேர்த்து எண்ணி வைக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் நிர்வாகத்தின் 12 வீதமும் மாதாமாதம் சேர்ந்திருக்க வேண்டும். பெண்கள் அதைப் பொதுவாக எடுப்பது 50 வயதில். நிர்வாகம் மட்டும் கட்டும் 3 வீத ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலையை விட்டதும் கோரலாம். நிர்வாகம் மாறிய நேரத்தில் கட்டுப்பணங்கள் ஒழுங்காகப் போயிருக்கின்றனவா என்பதை இப்போதே பாருங்கள்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வெளியேறக் கதவு இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு உள்ளே இருப்பதும் கொஞ்சம் இலகுவாகும். பெப்ரவரியில் நித்திரை திரும்பி, வலைப்பந்து மைதானத்தில் பிள்ளைகள் உங்களைத் தேடத் தொடங்கிய பிறகும் போக வேண்டுமென்று தோன்றினால், போங்கள். அந்தத் தீர்மானம் உங்களுடையதாக இருக்கும்.

தள்ளிப்போட முடியாதது

வேலைக் களைப்பை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தொழில் சார்ந்த நிலைமையாகத்தான் வகைப்படுத்தியது, நோயாக அல்ல. ஆனால் மனச்சோர்வு நோய்தான், மருத்துவம் உள்ள நோய். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு, எதிலும் விருப்பமற்று, சாப்பாடும் நித்திரையும் குலைந்து, தான் பிரயோசனமில்லாதவள் என்ற எண்ணம் விடாமல் வந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இவற்றில் பல தெரிகின்றன. ஆகவே மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன், இந்த வாரமே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலை, கட்டணமில்லை. ‘ஊர் காணும்’ என்ற பயம் எனக்கு விளங்குகிறது. அம்மாவோடு கிளினிக் போவதாக மட்டும் வீட்டில் சொன்னாலும் போதும். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் காத்திருக்காதீர்கள்: தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

குளிசையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நித்திரைக்குக் கொடுக்கப்படும் குளிசைகளில் பல பென்சோடயசெபீன் வகையைச் சேர்ந்தவை. நாள்தோறும் சில வாரம் எடுத்தாலே உடம்பு பழகிவிடும். பழகியபின் சட்டென்று நிறுத்தினால் படபடப்பு, நடுக்கம், முன்னையைவிட மோசமான நித்திரையின்மை வரலாம், சிலருக்கு வலிப்புக்கூட வரலாம். ஆகவே நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எடுத்த இரவின் அடுத்த அதிகாலையில் ஸ்கூட்டி ஓடாதீர்கள். அம்மாவின் குளிசை அட்டையையும் அவருடைய கிளினிக் கொப்பியையும் கூடவே எடுத்துப்போய், எவ்வளவு, எத்தனை நாளாக என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று அவர் எழுதித் தருவார். அம்மாவுக்கும் இரண்டு மாதமாக மருந்து பாதிதான் கிடைத்திருக்கிறது என்பதை அதே கதிரையில் வைத்தே சொல்லிவிடுங்கள்.